மறுபடி பார்க்க வைத்தாள் முத்தாரம்மன்

அம்மன் பிள்ளைகளுக்கு, தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவனின் வணக்கம். எழுபத்து நான்காம் ஆண்டு ஆனி மாதம் எனக்கு வந்த கஷ்டம் வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில் வந்தது. ஆனாலும் சொல்கிறேன். என் தாய் செய்ததை நான் மறைக்கலாமா?

சிறுநீர் அடைத்துக்கொண்டது. துடித்துப் போனேன். டாக்டர், புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று ஆபரேஷன் செய்து சதையை எடுத்தார். அடைப்பு நீங்கியது. ஆனால் அவர் முகம் சரியில்லை.

“அண்ணாச்சி, ஒரு பக்கம் கெட்டியா இருக்கு. புற்றுநோயான்னு எடுத்த சதைய மதுரைக்கு அனுப்பிப் பாத்துருவோம். அதுவா இருந்தா, மேல வளராம இருக்க விதையையும் எடுக்க வேண்டியிருக்கும்.”

ஆடிப்போய்விட்டேன். மீசையை முறுக்கிக்கொண்டு கல்லாவில் உட்காருகிறவன் நான். உயிர் பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் நேரே குலசை என்கிற குலசேகரன்பட்டினம் போய் முத்தாரம்மன் முன்னால் விழுந்தேன். “தாயே, அந்தச் சதையப் பாக்கிறவங்க கண்ணுக்குத் தெளிவக் குடு. தசராவுக்கு மீசைய எடுத்துட்டு, குறத்தி வேசம் போட்டு உனக்காவப் பிச்சை எடுக்கேன்.” வேடம் போட்டு வாங்கும் காணிக்கையை அவள் உண்டியலில் சேர்ப்பது அங்கே வழக்கம்.

சொன்ன நாளில் முடிவு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. “கெட்ட சேதி, அதான் சொல்லத் தயங்குதாங்க” என்று புலம்பினேன்.

என் மனைவி செல்வக்கனி அசரவில்லை. “கண்ணு தெளியணும்னுதான கேட்டிய? தெளிவாப் பாக்க நேரம் ஆவாதா? சாப்பிடுங்க” என்றாள்.

பொறுக்க முடியாமல் இருவரும் மதுரைக்கே போனோம். சதையைச் சோதித்தது ஒரு பெண் டாக்டர்.

“மொதல்ல பாத்தப்ப புற்றுநோய் மாதிரிதான் இருந்துச்சு. சின்னச் சின்னச் சுரப்பியா நெருக்கமா இருந்துச்சு. ஆனா அப்படி எழுத மனசு வரல. அதே சதைய மறுபடி மெல்லிசாச் சீவச் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு சுரப்பியச் சுத்தியும் வெளிப்பக்கம் இன்னொரு வரிசை செல் இருக்கு. புற்றுநோய்னா அந்த வரிசை இருக்காது. உங்களுக்கு இருக்கிறது சாதாரண வீக்கந்தான்.”

அங்கேயே அழுதுவிட்டேன். எழுத மனசு வரவில்லையாமே! அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது யார்? நான் செத்துப் பிழைத்த அந்த நாட்களில்தான் என் தாய் வேலை செய்துகொண்டிருந்தாள்.

தசராவுக்குச் சேலை கட்டி, பூ வைத்து, இடுப்பில் கூடையோடு எங்கள் பஜாரிலேயே இறங்கினேன். “ஏலே, நம்ம அண்ணாச்சியா இது!” என்று கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வெட்கமா? என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெருமையாக நடந்ததில்லை. வருஷம் தவறாமல் அதே வேடம்தான்.

உங்களுக்கும் இப்படி வந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். அம்மனிடமும் கேளுங்கள். குலசையில் குறத்தி வேடத்தில் வயசான ஒருவன் கை நீட்டினால் அது நானாக இருக்கும். காணிக்கை அப்புறம் இருக்கட்டும், முதலில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள். இரண்டு பேருமாகப் போய் அவளிடம் கேட்போம்.