தகரமூஞ்சியிடம் கற்ற சிரிப்பு

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகச் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை. பக்கவாதம்தான் என்று பயந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

குன்னத்துகாலிலிருந்து பஸ் பிடித்து நெய்யாற்றின்கரைக்குப் போனோம். டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். இரண்டும் நடக்கவில்லை. "பேடிக்கண்டா, பக்கவாதம் அல்ல. சிரி திரிச்சு வரும்" என்று மலையாளத்தில் தேற்றினார்; பயப்பட வேண்டாம், சிரிப்பு திரும்பி வரும் என்று அர்த்தம். பெல்ஸ் பால்சி (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலிழப்பது). வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை, கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்து. சிரிப்பு திரும்ப மாதங்கள் ஆகலாமாம்.

இந்த நோய் வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: நம் முகத்தைவிட, நம்மைப் பார்ப்பவர்களின் முகம்தான் பாடாய்ப் படுத்தும். என் மகள் ஜெபாவுக்கு அப்போது நாலு வயது. நான் சிரித்தால் வாய் வலப்பக்கம் மட்டும் கோணிக்கொண்டு போகும். அவள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தாள்.

"அப்பா தகரமூஞ்சி ஆயாச்சு" என்று அழுதாள். அதன்பின் என் பக்கத்தில் வரவேயில்லை. வேறெதையும்விட அதுதான் என்னை உடைத்தது.

தகரமூஞ்சி என்று பெயர் வைத்தவனே நான்தான்; சாப்பிடாவிட்டால் அவன் வருவான் என்று ஜெபாவை மிரட்டியதும் நான்தான். தொண்ணூறுகளில் டிவியில் வந்த ஓர் இந்தி விஞ்ஞானத் தொடரின் வில்லன் அவன். வேற்றுக் கிரகத்துக்காரன். ஒரு கண் தவிர முகம் முழுக்கத் தகடு. நானோ எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா. புருவத்தாலேயே பாதி நாடகத்தை ஓட்டுபவன். "நடிக்கத் தெரியாதவனுக்கு மூடி போட்டு விட்டிருக்கானுவ" என்று மனைவி ஜாஸ்மினிடம் நக்கலடித்திருக்கிறேன்.

வீட்டோடு கிடந்த வாரங்களில் அதே தொடர் மறு ஒளிபரப்பானது. வசனம் பாதி புரியாது, விண்கலம் அட்டை என்பது நன்றாகவே தெரியும். ஆனால் தகரமூஞ்சியாக நடித்த அந்த மனிதர்! கோபம் வந்தால் கழுத்து விறைக்கும். பயந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். சந்தோஷம் வந்தால் தலையை மெல்லத் தோள்பக்கம் சாய்த்து மூச்சு விடுவார். தகட்டுக்குப் பின்னால் அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. முகமே இல்லாமல் நடித்தவரைப் போய் அப்படிப் பேசினேனே என்று வெட்கமாக இருந்தது.

ஒருநாள் ஜெபா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் தடுமாறினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை அசைக்காமல், தலையைத் தோள்பக்கம் சாய்த்து மூச்சு விட்டேன். அவள் ஓடவில்லை. நின்று பார்த்தாள். பிறகு தன் தலையையும் சாய்த்தாள்.

"அம்மா, அப்பா சிரிக்கியாரு!"

ஜாஸ்மின் அடுக்களையிலிருந்து வந்து என்னை உற்றுப் பார்த்தாள். "மூஞ்சி கொஞ்சம்கூட அனங்கவே இல்லியே மக்கா?" என்று ஜெபாவிடம் கேட்டாள்.

"மூஞ்சியில இல்லம்மா. தலையிலயாக்கும்."

என் இடது கண் எப்போதும் போலத்தான் ஒழுகியது. அன்று வலது கண்ணும் சேர்ந்துகொண்டது.

மூன்று மாதத்தில் முகம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இடப்பக்கம் மட்டும் இன்றும் கொஞ்சம் தாமதம். சிரிப்பு வந்தால் முதலில் தலை சாய்கிறது. ஜெபா அப்போதே சிரித்துவிடுகிறாள். முகம் பிறகுதான் வந்து சேர்கிறது.