புது லேப்டாப்பில் இன்னொருவர் பெயர்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தது. புத்தம் புதிய அட்டைப்பெட்டி. உள்ளே தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை, மூடியின் மேல் ஒட்டிய மெல்லிய பிலிம்... எல்லாம் முறைப்படி. என் மகள் கீர்த்தனா பிலிமை உரித்தாள். மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினாள்.

'வெல்கம், ஆரோக்கியராஜ்' என்றது திரை.

எங்கள் வீட்டில் ஆரோக்கியராஜ் என்று யாரும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டிலேயே அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

"யாருப்பா இது?" என்றாள் கீர்த்தனா.

எனக்கு எப்படித் தெரியும்?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கீர்த்தனாவுக்கு ஆர்க்கிடெக்சரில் அது கடைசி வருஷம். கேமிங் லேப்டாப் வேண்டும் என்று அவள் கேட்டபோது எல்லா அப்பாக்களும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன் - "படிக்கறதுக்கா, விளையாடறதுக்கா?" அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, அதற்குள் நாமே நடந்துபோவது போல வீடியோ காட்ட வேண்டும் என்றால் சாதாரண லேப்டாப் திணறும். நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது கிடைப்பது கேமிங் லேப்டாப்பில்தான். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். விளையாடத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.

வாங்கிக் கொடுத்தோம். அவள் அம்மாவின் சீட்டுப் பணம் அதில் போனது.

அவளுடைய தீசிஸ், மருங்காபுரிக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட். எங்கள் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், வெயில் தாராளமாகவும் மழை சிக்கனமாகவும் உள்ள ஊர். பலமுறை போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். உச்சி வேளையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், டீக்கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்களாம், அந்த ஒரு சாண் நிழலுக்காக. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எங்கே நிழல் விழும் என்று திரையில் ஓட்டிக் காட்டுவதுதான் அவள் தீசிஸின் உயிர்.

அதை ஓட்டினால் லேப்டாப் அணைந்துவிடும்.

முதலில் திரையில் ஊதா நிறக் கோடுகள். அப்புறம் விசிறி, பிளேன் கிளம்புவது போல இரையும். அப்புறம் இருட்டு. சினிமா பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஈமெயில் எழுதினால் ஒன்றும் ஆகாது. எதற்காக வாங்கினோமோ அந்த வேலையைக் கொடுத்தால் மட்டும் படுத்துவிடும்.

கஸ்டமர் சப்போர்ட்டைக் கூப்பிட்டோம். சாட்டில் முதலில் வந்தது ஒரு பெண் பெயர் வைத்த இயந்திரம். 'உங்களுக்கு உதவுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி' என்றது. அதன் மகிழ்ச்சி அடங்கி, ஒரு மனிதர் லைனில் வருவதற்குள் என் காபி ஆறிவிட்டது.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"அது தானாவே ரீஸ்டார்ட் ஆகுதுங்க. கம்ப்ளெய்ன்ட்டே அதுதான்."

"ஓகே சார். ரூம் டெம்பரேச்சர் எப்படி இருக்கும் சார்?"

"திருச்சிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் ராமாயணத்தைப் பாலகாண்டத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் ஒருநாள் மெசேஜ் வந்தது - 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' யார் தீர்த்தார்கள்? எப்போது? லேப்டாப் அப்போதும் மேஜையின் மேல் அணைந்துபோய்த்தான் கிடந்தது.

தில்லைநகரில், ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மதர்போர்டை மாற்றினார்கள். திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் கரகரவென்றது. அணைவதும் நிற்கவில்லை. மறுபடி போனோம். கடைசியில், பழையதை வாங்கிக்கொண்டு வேறு லேப்டாப்பே தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கீர்த்தனாவின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

அப்படி வந்ததுதான் ஆரோக்கியராஜை வரவேற்ற லேப்டாப்.

திரையில் பெயருக்குக் கீழே அவருடைய ஈமெயில் முகவரியும் இருந்தது. அதைக்கூட அழிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். கீர்த்தனா என் போன் நம்பரைப் போட்டு அவருக்கு நாலு வரி எழுதினாள். சாயங்காலமே போன் வந்தது.

"நான் ஆரோக்கியராஜ் பேசறேங்க, மன்னார்புரத்துலேர்ந்து. உங்க பொண்ணு மெயில் பார்த்தேன். கீபோர்டுக்குக் கீழ, வலது ஓரமா, வட்டமா ஒரு தடம் தெரியுதா பாருங்க. வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். திருப்பிக் குடுக்கறப்ப உரிச்சிட்டேன். பசை முழுசா போகலை."

கீர்த்தனா லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது.

"இருக்குங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சொன்னார். "அது ஓடாதுங்க. சூடு ஏறினா அணைஞ்சிடும். அதுக்காகத்தான் நான் திருப்பிக் குடுத்தேன். அதையா உங்களுக்கு அனுப்பியிருக்காங்க?"

அவர் சொன்னதை நம்பாமல் இல்லை. ஆனாலும் அவரிடமே பாஸ்வேர்டு கேட்டு, கீர்த்தனா தன் பஸ் ஸ்டாண்டை அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். ஊதாக் கோடுகள் வரவில்லை. நேராக இருட்டு.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். ஒரு காலேஜ் ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிட்டையரானவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். இவருக்கு எதற்கு கேமிங் லேப்டாப் என்று எனக்குள் ஓடியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"விளையாடத்தாங்க வாங்கினேன்" என்றார். "பையனுக்கு போன் பண்ணா, 'சாப்டீங்களாப்பா, நல்லாருக்கேன்ப்பா'ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவான். ஆனா ஆன்லைன்ல கார் ரேஸ் ஆடினா ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே ஆடுவான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் உக்காந்துடுவேன். எனக்கு நிஜத்துல சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது. காரைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுடுவேன். அவன் சிரிப்பான். நடுவுல ஆபீஸ் கதையெல்லாம் சொல்வான்."

லேப்டாப் அணைய ஆரம்பித்ததும் ரேஸின் நடுவில் காணாமல் போவார். மகன் காத்திருப்பான். பிறகு மாதக்கணக்கில் சர்வீஸ் சென்டர். கடைசியில், உபயோகித்த காலத்துக்கு என்று கழித்ததுபோகக் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு சேமிப்பையும் போட்டு, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் சொல்லி டெஸ்க்டாப் ஒன்று அசெம்பிள் பண்ணி வாங்கினார். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

"இப்ப ஆடறீங்களா சார்?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"இல்லம்மா. அதுக்குள்ள அவன் வேற ஃபிரண்ட்ஸோட சேர்ந்துட்டான். ஞாயித்துக்கிழமை அவனுக்கு வேற புரோகிராம் வந்துடுச்சு. அவன் மேல தப்பு சொல்ல முடியாது. எத்தனை வாரந்தான் காத்திருப்பான்?"

அதைச் சொல்லிவிட்டு டெஸ்க்டாப்பின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். "உன் வேலையை இதுல ஓட்டிக்கம்மா. சும்மாதான் கிடக்கு."

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் தில்லைநகர் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். மேனேஜர் முப்பது வயதுக்காரர். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"இது என்னோட லேப்டாப்புங்க" என்றார் ஆரோக்கியராஜ்.

"இல்ல சார், மேடமோடது. சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது."

"நான் ரிப்பேர்னு குடுத்ததை இவங்களுக்குப் புதுசுன்னு அனுப்பியிருக்கீங்க."

"புதுசுன்னு நாங்க சொல்லவே இல்லையே சார். ரீப்ளேஸ்மென்ட்னுதான் சொன்னோம். 'ஈக்விவலென்ட்'னு டெர்ம்ஸ்ல இருக்கும் பாருங்க."

"ஈக்விவலென்ட்தான்" என்றேன். "அதுவும் அணையுது. இதுவும் அணையுது."

அவர் சிரிக்கவில்லை. "டெஸ்ட் பண்ணித்தான் சார் எங்களுக்கே அனுப்பறாங்க."

"எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"ஆன் ஆகுதான்னு பார்ப்பாங்க மேடம்."

உண்மைதான். ஆன் ஆகியது. பெயர் சொல்லி வேறு வரவேற்றது.

குவாலிட்டி கன்ட்ரோல் என்று விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் உற்றுப் பார்ப்பார்களே, அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? எனக்குத் தெரிந்தவரை அந்த வேலை இப்போது நம் வீட்டு டைனிங் டேபிளில் நடக்கிறது. கெட்ட சரக்கு ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, பெட்டி மாறி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது. யார் கத்தவில்லையோ அவர் வீட்டில் அது தங்கிவிடும்.

கீர்த்தனாவும் அவள் அம்மாவும் தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து மன்னார்புரம் போனார்கள். ஆரோக்கியராஜ் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவள் உள்ளே வேலை செய்வாள். ஆனால் சர்வீஸ் சென்டருக்கு நடந்ததில் வீணான மாதங்களை யார் திருப்பித் தருவது? காலை நிழலும் உச்சி வேளை நிழலும் ஓட்டி முடிந்தன. சாயங்கால வெயிலை ஓட்ட நேரம் போதவில்லை.

தீசிஸைப் பார்த்துக் கேள்வி கேட்டு மார்க் போடும் ஜூரியில், சென்னையிலிருந்து வந்த எக்ஸாமினர் சரியாக அதைத்தான் கேட்டார். "சாயங்காலம் மேற்கு வெயில் நேரா உள்ள வருமே, அதுக்கு என்ன பண்ணியிருக்கீங்க?"

இவள் வரைபடத்தைக் காட்டியிருக்கிறாள். வீடியோ எங்கே என்று கேட்டிருக்கிறார். லேப்டாப் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்றாராம்.

பாஸ் பண்ணிவிட்டாள். பாஸ் மட்டும். அந்த எக்ஸாமினர் தன் ஆபீஸுக்கு வேலைக்கு அழைத்தது வேறு ஒரு மாணவனை. ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலத்தின் மேல் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மேற்குப் பக்கத்துக்குச் சாய்வா பலகை வெச்சு டிசைன் பண்ணியிருந்தேன்ப்பா. நல்லா வந்திருந்துச்சு. காட்டத்தான் முடியலை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டும்போது திரும்பக் கூடாது என்பது மட்டும் காரணமில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் எழுதினாள். வாங்கிய வெப்சைட்டிலேயே ரிவ்யூ. 'வெல்கம், ஆரோக்கியராஜ்' என்ற திரையின் போட்டோ, ஸ்டிக்கர் தடத்தின் போட்டோ, நடந்தது அத்தனையும். காட்டுத்தீ போலப் பரவியது. நாங்களும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வக்கீலைப் பார்த்தோம். கம்பெனியில் அத்தனை மாதம் கிடைக்காத ஆள், உடனே கிடைத்தார். பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார், தேன் ஒழுகும் குரல். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்களாம். ரிவ்யூவை எடுத்துவிட வேண்டும். கம்பெனியின் பெயரை எங்கேயும், எப்போதும், குடும்பத்தில் யாரும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டும்.

நான் குதித்தேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் பெயரைப் போட்டுக் கிழிக்கிறேன் என்றேன். கீர்த்தனா நான் முடிக்கும் வரை இருந்தாள்.

"எனக்கு வேலைக்குப் போகணும்ப்பா. லேப்டாப் இல்லாம யார் எடுப்பாங்க? கேஸ் எப்ப முடியும், சொல்லுங்க. உங்க கோபம் நியாயந்தான். ஆனா காத்திருக்கப் போறது நான்தானே?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் அம்மா போட்டாள். நானும் போட்டேன். போன வாரம் பணம் வந்தது. கூரியர்காரர் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார்.

ஆரோக்கியராஜுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவருக்குப் பழையபடி கழித்ததுபோக வந்த பணம்தான்.

"பாப்பாவுக்குக் கிடைச்சுதே, போதும்ங்க" என்றார். பிறகு, "அந்த மெஷினை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"எனக்குத் தெரியும்" என்றார்.

எந்தக் கம்பெனி என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள், வாசகர்களே. சொல்ல மாட்டேன். அவர்கள் எங்களுக்கு அனுப்பியவற்றில், இதுவரை கோளாறில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான்.