கண்ணாடியைத் தட்டிய பெண்

நான் ஆவணப்படம் எடுப்பவள் என்று சொன்னால், சேலையூரில் எங்கள் தெருவில் எல்லாரும் கல்யாண வீடியோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பெரிய தவறு என்று சொல்ல முடியாது. வருடத்தில் பாதி அதில்தான் ஓடுகிறது. மிச்ச நேரத்தில், யாராவது நம்பிக் காசு கொடுத்தால், எனக்குப் பிடித்த படங்களை எடுப்பேன்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு படம் அமைந்தது. ஈழப் போர் நடந்துகொண்டிருந்தபோது வன்னியில் மருத்துவம், குடிநீர் என்று வேலை செய்த வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றிய படம். போர் நெருங்கியதும் அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்த மக்களில் சிலர் பிற்பாடு கடல் தாண்டி அகதிகளாக இங்கே வந்தார்கள். இரண்டு பக்கத்தாரையும் பேசவைத்து ஒரே படமாக்குவது என் எண்ணம். தயாரிப்பாளர் லண்டனில் இருந்தார்.

முடிச்சூரில் ஒரு மாடி வீட்டில், வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தேன். ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். இங்கே அகதிக்கு அரசாங்க வேலை ஏது? சுற்றியிருக்கும் ஃப்ளாட் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். பிள்ளைகள் அவரை ‘ஸ்ரீலங்கா மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். கூட இருந்தவர் மகன் மட்டும். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. குழந்தையாக வந்து முகாமிலும் சென்னையிலும் வளர்ந்தவர், அதனால் அவர் பேச்சு சுத்தமாக இந்த ஊர்ப் பேச்சு. “இன்னா அக்கா, கேமரா எங்க வெக்கப்போற?” என்று அவர் கேட்டதும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். “இவன் கதைக்கிறதைக் கேட்டா எங்கட ஆக்கள் என்னைத்தான் பேசுவினம்” என்றார்.

அவர் பேசுவதைப் பதிவு செய்ய நிறைய நாள் பிடித்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும், இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டுத் தொடர்வார். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒலிப்பதிவு கெட்டுவிடும் என்பதற்காக நிறுத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தேன்.

அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். ஏ லெவல், அதாவது நம் ப்ளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தவள். இடம் மாறி இடம் மாறி ஓடியதில், கடைசியில் கழுத்தளவுத் தண்ணீரில் கடலேரியைக் கடக்கும்போது, கூட்டத்தில் அவள் கை இவர் கையை விட்டுப் போய்விட்டது. இவர் ஒரு கையில் மகன், ஒரு கையில் மகள். நழுவியது மகளின் கை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இறந்தாள் என்று சொன்னவரும் இல்லை, பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை.

“போட்டோ இருக்கா அம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்டு இருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். ஷெல்லுக்கையும் கடலுக்கையும் அதைக் காப்பாத்திக்கொண்டு வந்தனான். இஞ்சை வந்து வெள்ளத்திலை போயிட்டுது.”

முடிச்சூர் முழுகிய அந்த வருடம் அவர்கள் கீழ்த்தள வீட்டில் இருந்திருக்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியவர், மறுபடி கீழே இறங்கப் பார்த்தபோது அக்கம்பக்கத்தார் பிடித்துவைத்துக்கொண்டார்களாம்.

படத்தின் இன்னொரு பக்கத்துக்கு ஒரு அயர்லாந்துக்காரர் கிடைத்தார். வன்னியில் ஒரு நடமாடும் மருத்துவ வண்டியில் நர்ஸாக இருந்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வெளியேறிய நாளில் தன் சின்ன கேமராவில் பிடித்த காட்சிகளை அனுப்பிவைத்தார். அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார். “நடுவில் ஒரு பெண் வருவாள். என் ஜன்னலைத் தட்டி ஏதோ சொல்வாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுச் சொல்ல முடியுமா?”

பார்த்தேன். சாலையோரம் முழுக்கச் சனம். அழுகிறவர்கள், கும்பிடுகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த நெரிசலில் ஒரு பெண் முண்டியடித்துக்கொண்டு முன்னே வருகிறாள். இரட்டைப் பின்னல், கையில் காலி பிளாஸ்டிக் குடம். அழவில்லை. கண்ணாடியைத் தட்டுகிறாள். அது இறங்கியதும் அவசரமாகச் சொல்கிறாள்: “ஐயா, அம்மாவுக்குத் தொய்வு. மருந்து முடிஞ்சுது. அம்மாவையும் தம்பியையும் மட்டும் ஏத்துங்கோ. நான் நிக்கிறன்.”

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கிறது: “ஓகே, ஓகே.”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிடுகிறது. ஒரு தலையசைப்பு. திரும்பிக் கூட்டத்துக்குள் ஓடுகிறாள். கொஞ்ச நேரத்தில் வண்டி நகர்கிறது.

வீடியோ அழைப்பில் அவருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். “எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் ஓகே என்றேன்” என்றார். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

எனக்கு ஒரு வார்த்தை இடித்தது. தொய்வு என்றால் நம் ஊரில் தளர்ச்சி. ‘அம்மா பலவீனமாக இருக்கிறார்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். சப்டைட்டில் போடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். ஈழத்துப் பேச்சுக்கு எனக்கிருந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன். மகனும் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொண்ணு தொய்வுன்னு ஒண்ணு சொல்றா. என்னன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா” என்று காட்சியை ஓடவிட்டேன்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டதுமே அவர் முன்னால் குனிந்தார். குரல் வந்தது. ஓகே, ஓகே வந்தது. பெண் திரும்பி ஓடினாள்.

“நிப்பாட்டுங்கோ பிள்ளை.”

நிறுத்தினேன்.

“தொய்வு எண்டா ஆஸ்துமா” என்றார். அப்போதும் டீச்சர் குரலில்தான் சொன்னார். அதற்குப் பிறகு, “இது என்ரை மகள்” என்றார்.

மகன் எச்சில் கையோடு எழுந்து வந்து திரையின் முன் உட்கார்ந்தார். “எனக்கு அவ மூஞ்சியே ஞாபகம் இல்லக்கா” என்றார். “என்னையே பாக்கற மாதிரி கீது.”

அந்த அம்மா அழவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடி. பிறகு, தன்னிடமே பேசுவதுபோல அந்த நாளைச் சொன்னார். “தண்ணி எடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். மூச்சு வாங்க ஓடி வந்தாள். எழும்புங்கோ, போவம், போவம் எண்டாள். எங்கை எண்டு கேட்டா சொல்லேல்லை, கையைப் பிடிச்சு இழுத்தாள். எனக்கு அண்டைக்கு ஏலாது. தண்ணி எங்கையடி எண்டு ஏசினன். ரோட்டுக்கு வந்து பாத்தா வெறும் புழுதி. இதுக்கோ இழுத்துக்கொண்டு வந்தனீ எண்டு கேட்டன். ஒண்டுமில்லை அம்மா எண்டிட்டாள்.”

நான் லேப்டாப்பை மூடினேன். டியூஷன் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. மகன் போய், “இன்னிக்கு மிஸ்ஸுக்கு ஒடம்பு சரியில்ல, நாளிக்கி வாங்க” என்று திருப்பி அனுப்பினார்.

அவள் யார் என்று தெரிந்ததும் அயர்லாந்துக்காரர் விமானம் ஏறி வந்துவிட்டார். வரவேண்டாம் என்று நான் சொல்லிப்பார்த்தேன். கேட்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கியவரை நேராக முடிச்சூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெடிய உருவம், கூன் விழுந்த முதுகு. செருப்பை வாசலில் கழற்றிவைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கேமரா வேண்டாம் பிள்ளை” என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். பையைத் திறக்கவேயில்லை. எதிரெதிரே அவர்கள் இருவரும், நடுவில் தரையில் நான்.

“அன்றைக்கு ஓகே என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்” என்றார் அவர். தமிழில் சொன்னேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அவரிட்டை ஒண்டு கேளுங்கோ. அவள் ஓடின பிறகு வாகனம் எவ்வளவு நேரம் நிண்டது? நான் மாட்டன் எண்டு பிடிவாதம் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அவள் கூப்பிட்ட உடனை எழும்பி வந்திருந்தா, பிடிச்சிருப்பமோ?”

இதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு மறுபடி மறுபடி போடச் சொல்லி அந்த அம்மா திரையில் தேடியது இதைத்தானா?

அயர்லாந்துக்காரர் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். பொய் சொல்வாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

“நீங்கள் ஓடி வந்திருந்தாலும் ஏற்றியிருக்க முடியாது” என்றார். “எங்கள் ஆட்களைத் தவிர ஒருவரையும் ஏற்ற அனுமதி இல்லை. கூடவே வேலை செய்த உள்ளூர்க்காரர்களைக்கூட இறக்கிவிட்டுத்தான் வந்தோம். அவள் சொன்னது எனக்குப் புரிந்திருந்தாலும், முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.”

ஒரு சொல்லும் விடாமல் அப்படியே தமிழில் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்திருந்தார். பிறகு, “மெய்யாவோ?” என்றார்.

“மெய்தான்மா.”

“அப்பிடியெண்டா நான் உடனை எழும்பியிருந்தாலும் ஒண்டும் நடந்திராது.”

“நடந்திருக்காதும்மா.”

“சரி” என்றார். அந்த ஒரு சொல்லோடு அவர் தோள்கள் தொய்ந்தன. அப்போதுதான் அழத் தொடங்கினார். எதிரே இருந்தவரும் அழுதார். நான் மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமில்லை. மகன் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பொங்கி வழிந்த வாசனை அறை வரைக்கும் வந்தது.

அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டும் காட்சியைப் படத்தில் வைக்கவில்லை. படத்துக்கு உயிரே அதுதான் என்று லண்டனிலிருந்து தயாரிப்பாளர் மன்றாடினார். நான் அந்த அம்மாவிடம் ஒருமுறைதான் கேட்டேன். “அவள் அந்நியன் ஒருத்தனிட்டைக் கெஞ்சினதை ஊரெல்லாம் பாக்கவேணுமோ பிள்ளை?” என்றார். அதோடு விட்டுவிட்டேன். படம் வெளிவந்தது. சில ஊர்களில் திரையிட்டார்கள், சுமாரான பெயர். நர்ஸ் பேசுகிறார், அம்மா பேசுகிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும் என்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: மகளின் படம். அவள் முகம் மலர்ந்த அந்த நொடியை நிறுத்தி, அசையாப் படமாக எடுத்து, மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு அவரையும் கூட்டிப்போனேன். கடைக்காரர் கணினியில் பார்த்துவிட்டு, “தவறிட்டாங்களாம்மா? மாலை போட்டுத் தரட்டா?” என்றார்.

“மாலை வேண்டாம்.”

“பின்னாடி கூட்டமா நிக்கிறாங்களே, அவங்கள எல்லாம் எடுத்துட்டு ப்ளூ பேக்ரவுண்டு குடுத்துர்றேன். நல்லா இருக்கும்.”

அந்த அம்மா திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். மகளுக்குப் பின்னால் மங்கலாக எத்தனையோ முகங்கள். “எடுக்காதேங்கோ. அவையளும் நிக்கட்டும்” என்றார். “அவையளைத் தேடுற ஆக்களும் இருப்பினம்.”

பெரிதாக அச்சடித்து முன்னறைச் சுவரில் மாட்டினார். எப்படியோ சேதி பரவிவிட்டது. சென்னையில் அங்கங்கே வாடகைக்கு இருக்கும் ஈழத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முகாம்களிலிருந்தும் சிலர் பஸ் பிடித்து வந்தார்கள். யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்க வரவில்லை, அவளுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா விளக்கைப் போட்டு, அவர்கள் பார்க்கும்வரை பேசாமல் ஒதுங்கி நிற்பார்.

போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு முதியவர் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்தி, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள்வரை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இல்லை” என்றார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை” என்றார் அந்த அம்மா.

அவர் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, தாம்பரம் பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டார். நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து போய், பஸ் வந்ததும் ஏற்றிவிட்டேன்.