மாதா கோயிலில் நான் விட்ட குறட்டை

இதை எழுதப் பல வருடம் வெட்கப்பட்டேன். மற்றவர்கள் முழங்காலில் நின்று வரம் வாங்குவார்கள். நான் குறட்டை விட்டு வாங்கினேன்.

காசிமேட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன விசைப்படகு சொன்ன நாளில் திரும்பவில்லை. நான் கண் மூடினால் அவர் மூழ்கிவிடுவார் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ராத்திரி தூங்காமல் ஜெபமாலை சொன்னேன். மறுநாள் கோயிலில் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா, "கடல நீயா தாங்கிகினு கீற? ஆண்டவராண்ட குட்துட்டு கொஞ்சம் கண்ண மூடு" என்றாள்.

"என்னால் முடியவில்லை ஆண்டவரே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள். உப்புப் பூத்த முகத்தோடு என் வீட்டுக்காரர் நின்றார்.

"இன்னாமே, இன்ஜின் பூட்ச்சி, வேற படகு இஸ்துகினு வந்துதான் கரை சேர்ந்தோம். நீ இங்க கொறட்டை வுட்டுகினு கீற. வாசல் வரிக்கும் கேக்குது."

அழுதுகொண்டே சிரித்தேன்.

புயலடித்தபோது படகில் தூங்கியவர்தானே நம் ஆண்டவர்? இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனால், ஜெபித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மாதா காட்சி கொடுத்ததாகச் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நீங்கள் யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள், குறட்டையையும் விட்டுவிடாமல்.