மீன்தொட்டி மூடியில் இரண்டு விசிறிகள்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்தேன். கூடத்தில் இருந்த மீன்தொட்டி என் மனைவியுடையது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் மாலை, வீட்டுக்கு வந்திருந்த சக ஆசிரியர்கள் முன்னால், "பிள்ளைக்குப் பதிலா மீன் வளக்கிறா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். மறுநாள் காலை அவள் துறையூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"மீனுக்குத் தீனி போட மறந்துடாதீங்க" என்றாள்.

கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணைப் புருஷன் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். தானாகத் திரும்பினால் அவளுக்கு மதிப்பில்லை. கல்லூரிக்கு விடுமுறைதான். ஆனாலும் நான் போகவில்லை.

வெயில் ஏறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டியின் மர மூடியைத் தொட்டால் சுட்டது. உள்ளே டியூப் லைட்டும், எரிய எரியச் சூடேறும் அதன் சோக்கும் இருந்தன. விளக்கை அணைத்து மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாலே போதும். ஆனால் எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. காருக்குள் மாட்டும் சின்ன விசிறிகள் இரண்டும், அவற்றை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட ஒரு எலிமினேட்டரும் வாங்கினேன். அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் மூடியின் இரு முனைகளிலும் வட்டமாகத் துளை போட்டு வந்தேன். முதலில் இரண்டையும் உள்நோக்கி வீசும்படி மாட்டிவிட்டேன். வெக்கை வெளியேற வழியில்லாமல் நீர் இன்னும் சூடானது. பிறகு ஒன்றைத் திருப்பி மாட்டினேன்.

இரண்டும் சரியாக ஓடத் தொடங்கிய அன்று அவள் அண்ணன் ஒரு பை சின்ன வெங்காயத்துடன் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மீனுக்கு ஃபேனா? எங்க வீட்ல எனக்கே கிடையாதுங்க."

இது காற்றை உள்ளே இழுக்கும், அது வெக்கையை வெளியே தள்ளும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. ஞாயித்துக்கெழம வாங்களேன். நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவா. பையக் கட்டித்தான் வச்சிருக்கா."

"இந்த ஒயரிங் வேலை முடியட்டும் மச்சான், வரேன்."

அவர் மூடியைப் பார்த்தார். இரண்டு விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன.

"முடிஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு போகவில்லை. விசிறிக் காற்றில் நீர் சீக்கிரம் வற்றியது. தினமும் ஊற்றியாக வேண்டும், விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். மழை வந்தது. நீர் தானாகவே குளிர்ந்தது. அந்தக் காரணமும் போயிற்று. ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அன்று சொன்னது தப்பு என்ற வார்த்தை வரவே இல்லை. மீன் நன்றாயிருக்கிறது, விசிறி நன்றாக ஓடுகிறது என்பதே வந்தது. பஸ் கிளம்புமுன் இறங்கிவிட்டேன்.

அவள் அண்ணன் பிறகு வரவில்லை. அவள் அங்கே ஒரு பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்ததாக யாரோ சொன்னார்கள். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்த பிறகும் விசிறிகளை ஓடவிட்டேன், வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று.

கட்டி வைத்திருந்த பையை அவள் என்றைக்குப் பிரித்தாள் என்பது எனக்குத் தெரியாது.