மாடு இறங்கும் துறையில் சபாரத்தினம் அண்ணை

மீனைத் தொடுவதற்கு முன் சபாரத்தினம் அண்ணை கைகளை நனைத்துக்கொள்வார். முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். பிறகு குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீருக்குள் தாழ்த்தி, அதன் குளிர் கைக்கு ஏறும்வரை அப்படியே வைத்திருப்பார். பக்கத்தில் கைவலைக்குள், பாதி தண்ணீரில், மீன் காத்திருக்கும். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், சூடான கை அதற்குச் சுடும் என்பார். ஈரக் கையில் மீன் சத்தமில்லாமல் கிடக்கும். தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்ப விடும்போதும் அவசரம் கிடையாது. மீன் தானாக நீந்திப் போகும்வரை அந்தக் கைகள் தண்ணீருக்குள் திறந்தபடியே இருக்கும்.

இவ்வளவு பக்குவமாக மீன் பிடிக்கிற மனிதர் பிறந்ததிலிருந்து மீன் சாப்பிட்டதில்லை.

கோண்டாவிலில் முட்டைகூட நுழையாத வீடு அவருடையது. எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் வீடெடுத்து, பெற்றோல் ஷெட் ஒன்றில் இரவு ஷிப்ட் வேலைக்குப் போனார். விடிய வேலை முடிந்து நடந்து வரும் வழியில் வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கம். ஒருநாள் அங்கே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டதைப் பார்த்தார்.

“எனக்கு விளங்கேல்லை, தம்பி,” என்று எனக்குச் சொன்னார். “விழுந்து போச்சாக்கும் எண்டு நினைச்சன். பிறகு பாத்தா இன்னொண்டையும் பிடிச்சு விடுறார். அண்டைக்கு நான் வீட்டை போகேக்கை பள்ளிக்கூடப் பிள்ளையள் போகத் தொடங்கீட்டுதுகள்.”

அந்த வெள்ளைக்காரர் நோர்மன். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஒரு தூண்டில் கழகத்தின் செயலாளர். அடுத்த வருடமே சபாரத்தினம் அண்ணை அந்தக் கழகத்தில் சேர்ந்துவிட்டார். அவருடைய வீட்டின் மேலறையில் நான் வாடகைக்கு இருந்த காலத்தில், குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் தயிருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா புழு இருக்கும். அவருடைய மனைவி பாலாம்பிகை அக்கா அந்த டப்பாவைப் பார்க்காமலே தயிரை எடுக்கப் பழகியிருந்தார்.

“விடுறதெண்டா ஏனப்பா பிடிக்கிறியள்?” என்று கேட்பார். அண்ணை தூண்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்.

கிங்ஸ்பரி கடையில் மீன் வெட்டுகிற சவிரிமுத்து பேசாலையில் கடலோடு வளர்ந்தவர். அவருக்கு இது தீராத வேடிக்கை.

“என்ன அண்ணை, இந்தக் கிழமை எத்தினை மீனுக்கு மருந்து கட்டி அனுப்பினீங்கள்?”

“உமக்கென்ன, நீர் வெட்டும்.”

“எங்கடை ஊரிலை உங்களைப்போலை நாலு பேர் இருந்திருந்தா, நாங்கள் எல்லாரும் சைவமாகித்தான் உயிர் தப்பியிருப்பம்.”

இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் நடுவிலிருந்து யூன் நடுவரை தூண்டில் போடத் தடை. அயர்லாந்தில் அந்தத் தடை இல்லை. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் கழகத்தார் ஒரு வான் வண்டியில் ஏறிக் கப்பலில் கடந்து, இன்னி என்ற ஆற்றங்கரைக்கு ஒரு கிழமை போவார்கள். கடைசி நாள் போட்டி. யார் பிடித்த மீன்களின் மொத்த நிறை கூடுதலோ அவருக்குக் கிண்ணம். நிறுத்ததும் எல்லா மீனும் ஆற்றுக்கு. வானில் இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். வெளியே காத்திருப்போர் பலர். ஆகவே ஒரு விதி: போட்டியில் கடைசியாக வருபவர் அடுத்த வருடம் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

சபாரத்தினம் அண்ணை பல வருடங்கள் கடைசிக்கு ஒரு இடம் முன்னால் வந்து தப்பியவர். கையை நனைத்து, மீனுக்கு ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று மீனைப் பிடித்திருப்பார்கள். தொண்ணூற்று ஐந்தில் கடைசியாகவே வந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு வரவேண்டியவர் கடைசி நேரத்தில் காலை முறித்துக்கொண்டதால் இன்னொரு வருடம் கிடைத்தது. தொண்ணூற்று ஆறிலும் கடைசி என்றால் வான் அவரில்லாமல் போகும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பெற்றோலுக்குக் காசு வாங்குகிற மனிதருக்கு, வருடத்தில் தனக்கென்று இருந்தது அந்த ஒரு கிழமை மட்டும்தான்.

அந்த வருடம் நானும் போனேன். வானின் பின்பக்கம் பெட்டிகளோடு பெட்டியாக ஒரு மடக்கு இருக்கை இருந்தது. “சோறு கறி வைக்கத் தெரிஞ்ச பெடியன். இவரைப் பட்டினி கிடக்க விடாதை,” என்று பாலாம்பிகை அக்கா என்னையும் ஒரு சாக்கு அரிசியையும் சேர்த்து ஏற்றிவிட்டார்.

இன்னி அகலமான ஆறு இல்லை. தேநீர் நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லமுடியாதபடி வயல்களுக்குள் கிடந்தது. கிழமை முழுவதும் மழை தூறிக்கொண்டே இருந்தது. அண்ணைக்குச் சின்ன ரோச் மீன்கள் மட்டும் அகப்பட்டன. கழகத்தின் பொருளாளர் டெரிக், தடித்த குரல்காரர், ஒவ்வொரு மாலையும், பிடித்த மீனை விடும்வரை தண்ணீருக்குள் வைத்திருக்கிற அவருடைய வலைக்கூட்டை எட்டிப் பார்த்து, “சபி, அடுத்த வருடம் உனக்குத் தபால் அட்டை போடுகிறேன்,” என்பார். அண்ணை சிரிப்பார். அறைக்கு வந்ததும் சிரிப்பு இருக்காது.

வியாழன் மாலை விடுதித் தொலைபேசியில் அக்காவோடு கதைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு குரலும் கேட்டன.

“நாளைக்குச் சித்திராப் பூரணை. ஞாபகமிருக்கோ?”

“ஓம். எள்ளு கொண்டந்தனான்.”

“விரதத்தோடை தூண்டிலும் கையுமா நிக்கப்போறியளோ?”

“நாளைக்குத்தானே போட்டி. நான் என்ன செய்யிறது?”

“மாமிக்குச் செய்யவேண்டியதைச் செய்துபோட்டுப் போங்கோ,” என்றார் அக்கா.

சித்திராப் பூரணை தாயை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம். அவருடைய அம்மா எண்பத்தொன்பதில் காலமானபோது அவரால் போக முடியவில்லை. விடியற்காலையில் நான் பச்சரிசிச் சோறு வடித்துக் கொடுத்தேன். அவர் வேட்டிக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். நான் பானையோடு பின்னால். கரை முழுவதும் நாணல். ஒரு அல்டர் மரத்தடியில் மட்டும் தட்டையான கல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதில் நின்று, தெரிந்த மந்திரத்தைச் சொல்லி, எள்ளும் சோறும் பிசைந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டார். உருண்டைகள் தாழ்ந்த இடத்தில் சிறிது நேரத்தில் தண்ணீர் சுழித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் டெரிக், “சபி விடியமுன்னமே ஆற்றுக்கு இரை போட்டுவிட்டு வந்துவிட்டான். யன்னலால் பார்த்தேன்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை தேநீரும் எடுக்காமல் இருந்தார்.

போட்டிக்கு முன் மீனுக்கு இரை போட்டுப் பழக்கக் கூடாது என்பது கழகத்தின் கண்டிப்பான விதி. அதைச் செய்தவர் விலக்கப்படுவார். யார் எங்கே நிற்பது என்று திருவுளச்சீட்டு எடுப்பதும் அதற்காகத்தான். கரையில் இலக்கமிட்ட முளைகள் அடித்திருந்தார்கள். நோர்மன் ஒரு தகரப் பேணியை நீட்டினார். சபாரத்தினம் அண்ணை கையை விட்டு எடுத்தது ஏழாம் இலக்கம்.

ஏழாம் முளை அல்டர் மரத்தடியில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் அப்போது பாலத்தில் நின்றேன். அண்ணை அந்த முளையருகே போய், தண்ணீரைப் பார்த்து, பெட்டியைக் கீழே வைக்காமலே திரும்பி நோர்மனிடம் நடந்தார். டெரிக்கும் வந்தார். மூவரும் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. அண்ணை கையால் உருண்டை பிடித்துக் காட்டினார். டெரிக் தலையை ஆட்டினார். நோர்மன் அவருடைய தோளில் கை வைத்தார். பிறகு அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எல்லா முளைகளையும் தாண்டி, கரையின் கீழ்க்கோடிக்குப் போனார். அங்கே மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்குகிற சேற்றுத் துறை. அதற்கு இலக்கமே இருக்கவில்லை. நோர்மன் போய்ப் புதிதாக ஒரு முளை அடித்தார். ஏழாம் முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டேன். எனக்கு அந்த ஆறு, அந்த மழை, அந்தத் தகரப் பேணி எல்லாவற்றிலும் வெறுப்பு வந்தது. இறங்கிப்போய் அவருக்குப் பின்னால் புல்லில் இருந்தேன். அவர் தூண்டிலில் மிதப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது. மேல்கரையில் தூண்டில்கள் வளையத் தொடங்கின. எங்கள் பக்கம் தண்ணீர் முழங்கால் ஆழம், மிதப்பு அசையவில்லை. மதியம்வரை வலைக்கூடு வெறுமையாகக் கிடந்தது. பிறகு மழை விட்டு வெயில் எறித்தது. வயலால் மாடுகள் வந்தன.

பெரிய கறுப்பு வெள்ளை மாடுகள். அண்ணைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து ஆற்றுக்குள் இறங்கி நின்று குடித்தன. அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் பாலும் கோப்பியும் போலாகியது. அடுத்த முளையிலிருந்து டெரிக் கத்தினார்: “சபி, கல்லால் எறிந்து கலை!”

அண்ணை எழும்பவில்லை. “குடிக்கட்டும். பாவம்,” என்றார், எனக்கு மட்டும் கேட்க.

ஒரு மாடு அவருடைய மழைக்கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. கலங்கல் மெல்ல மெல்ல ஆற்றின் நடுவை நோக்கி நகர்ந்தது. அதன் ஓரத்தில் குமிழிகள் வந்தன. முதலில் இரண்டு மூன்று. பிறகு கொதிக்கிற உலைபோல.

“தம்பி, அசையாதை,” என்றார்.

மிதப்பைக் கலங்கலின் ஓரத்தில் போட்டார். அது எழும்பிப் பக்கவாட்டில் படுத்தது. தடி வளைந்தது. கைவலையில் வந்தது தட்டுப்போல் அகன்ற ஒரு பிறீம், வெண்கல நிறம். அவர் மோதிரத்தைக் கழற்றினார், பொத்தானைப் பூட்டினார், கையை நனைத்தார். மேலே எல்லோரும் அவசரப்பட்டு வீசி இழுத்துத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். இவருடைய பக்கத்தில் மட்டும் ஆறு ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறீம் கூட்டமாக மேய்கிற மீன், சின்னச் சத்தத்துக்கும் கூட்டமாகவே ஓடிவிடும். அன்று அது ஓடவில்லை. சேற்றுக்குள் கிளம்பிய புழுபூச்சியை மேய்ந்துகொண்டு அங்கேயே நின்றது. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். மாடுகள் போனபின்னும் எடுத்தார். இரண்டாவது விசில் ஊதியபோதும் ஒன்று தடியில் இழுத்துக்கொண்டிருந்தது.

நோர்மன் தராசோடு முளை முளையாக வந்தார். டெரிக்கின் நிறைதான் அதுவரை கூடுதல். அவர் கிண்ணம் எடுக்கிறவருடைய நடையில் பின்னால் வந்தார். அண்ணையின் வலைக்கூட்டைத் தூக்க நோர்மன் குனிந்தார், தூக்க முடியவில்லை. “டெரிக், இங்கே ஒரு கை கொடு,” என்றார்.

தராசின் முள் டெரிக்கின் நிறையைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருதரம் நிறுத்து முடியாமல் இரண்டு தரமாக நிறுத்தார்கள். நோர்மன் எண்ணை இரண்டு தரம் சொன்னார். பிறகு டெரிக்தான் தொப்பியைக் கழற்றிச் சபாரத்தினம் அண்ணையின் தலையில் வைத்தார்.

“மாட்டுக்காரா,” என்றார், “அடுத்த வருடம் எனக்குத்தான் தபால் அட்டை போடவேண்டியிருக்கும்.”

மீன்களை விடுவதற்கு மட்டும் அண்ணை யாரையும் கிட்ட வர விடவில்லை. எல்லாவற்றையும் தானே விட்டார். அதற்குப் பிறகுதான் விரதச் சோறு. விடுதியின் மதுச்சாலையில், கிண்ணத்துக்குள் ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“வெண்டிட்டன்.”

“சாப்பிட்டியளோ?”

“ஓம், சாப்பிட்டிட்டன். நான் வெண்டிட்டன், பாலா. முதலாவது.”

“கேட்டதப்பா,” என்றார் அக்கா. பிறகு, மெல்ல, “பெரிய மீனோ?” என்று கேட்டார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிங்ஸ்பரி கடையில் சவிரிமுத்து, தொப்பியும் கிண்ணமுமாக நிற்கிற அண்ணையின் படத்தை மீன் வெட்டுகிற மேசைக்கு மேலே ஒட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, “எங்கடை ஆள். என்னட்டை மட்டும் ஒரு சூடை மீன்கூட வாங்கினதில்லை,” என்பார். வெள்ளைக்காரர் ஒதுக்கிவிட்ட சேற்றில் நின்றே வென்றவர் என்று, நான் கொண்டுவந்த கதை கடையில் நின்றது. அண்ணையின் காதில் விழுந்தால், “அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவை நல்ல சனம்,” என்பார். அதையும் அவருடைய பெருந்தன்மைக் கணக்கில் போட்டுக்கொண்டோம். வானில் அவருடைய இடம் அதன்பிறகு ஒருபோதும் பறிபோகவில்லை.

தொண்ணூற்று ஒன்பதில் அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு நோர்மன் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் மற்றப் பக்கம் பார்த்தபடி, அன்றைக்கு நீங்கள் அவரைச் சேற்றுக்கு அனுப்பியது சரியில்லை என்றேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரும் அனுப்பவில்லை என்றார். சீட்டு விழமுன் போட்ட ஒரு பிடி சோறு விதிக்குள் வராது, பேசாமல் ஏழிலேயே நில் என்று சொன்னது டெரிக்தானாம். சபாரத்தினம்தான் மாட்டேன் என்றாராம்: என் அம்மாவுக்கு வைத்த சோற்றைச் சாப்பிட்ட மீன் அங்கே நிற்கிறது, அதன் வாயில் நான் முள் கொளுவமாட்டேன். அந்த முளையைப் பிடுங்கிவிடும்படியும், அன்று பொழுதுபடும்வரை வேறு எவரையும் அங்கே தூண்டில் போட விடவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது அவரே.