ஒரே தொட்டியில் மஞ்சளும் நீலமும்

எண்பதுகளின் நடுப்பகுதி. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், இலை காயவைக்கிற டிரையருக்கு நெருப்புப் போடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படிப்பு இல்லாத இடத்தையெல்லாம் கவலையை வைத்து நிரப்பிக்கொள்கிற ஆள் நான்.

பதுளையில் நான் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடைக்காரருக்கு, அண்ணன் என்கிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவோம், மீன் என்றால் உயிர். கண் ஆபரேஷனுக்குக் கொழும்பு போகுமுன், ஆப்பிரிக்க ஏரி மீன்கள் இருந்த இரண்டு தொட்டிகளை என்னிடம் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம். "தம்பி, ஒங்க ஸ்டோர்ல கரண்டும் இருக்கு, சூடும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா மட்டும் போட்றாத" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சண்டை போடும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்கோ மீன் வாடை தேயிலையில் ஏறிவிடும் என்று பயம். டிரையர் சுவருக்குப் பின்னால் ஒரு தொட்டிக்குத்தான் இடம் கொடுத்தார். அங்கே மஞ்சளை வைத்தேன். நீலம் விறகுக் கொட்டில் ஜன்னலோரம். மார்கழிப் பனிமூட்டம் இறங்கியதும் அந்தத் தண்ணீர் கையை விறைக்க வைத்தது. நீல மீன்கள் அடியில் போய்ப் படுத்துவிட்டன. செத்துத் தொலைந்தால் நானா முகத்தில் எப்படி முழிப்பது? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் நீலத்தை அள்ளி மஞ்சளோடு விட்டேன். சண்டை பெரிதாக இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நாளில் மஞ்சள் பெட்டை ஒன்று தாடை வீங்கி, தீனியைத் தொடாமல் நின்றது. மணிக்கு ஒரு தரம் நெருப்பை விட்டுவிட்டுப் போய் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா? "என்னண்ணே, மீனுக்குப் பல்வலியா? ஒரு கராம்பு வச்சுப் பாருங்க!" மூன்று வாரம் கழித்து அதன் வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டின. முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கிற மீனாம்!

நானா வருகிறார் என்றதும் நீலத்தைப் பழைய தொட்டிக்கே மாற்றிவிட்டேன். அவர் குஞ்சுகளைப் பார்த்துக் குதிக்காத குறை. "கொழும்புல ஒருத்தர் சுத்த மஞ்சள் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. இத அனுப்பிரலாம்!" வலையும் எடுத்துவிட்டார். எல்லாம் மஞ்சளாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று ஒரு மனது. பிறகு தெரிந்துவிட்டால்? அந்தக் கவலைதான் என்னைப் பேச வைத்தது. நேர்மை என்று பெருமையடிக்க மாட்டேன்.

"நானா, ரெண்டும் ஒண்ணாத்தான் கெடந்திச்சு."

வலை அப்படியே நின்றது. "ஒரே ஒரு விஷயந்தானே சொன்னேன்! இப்ப இதுக்கு வாப்பா மஞ்சளா நீலமா, நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"

"குளுருல செத்துருமோன்னு பயந்துட்டேன் நானா."

"செத்திருந்தா எனக்கு மட்டுந்தான் நட்டம். இத வாங்குறவன் குஞ்செடுப்பான், அவன்கிட்ட இன்னொருத்தன் வாங்குவான். கலந்தத எவன் பிரிக்கிறது?"

கடைசியில் குஞ்சுகளை என் தலையிலேயே கட்டினார். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று வாக்கும் வாங்கிக்கொண்டார். வளர்ந்ததும் பார்த்தால் மஞ்சளுமில்லை, நீலமுமில்லை, கழுவாத தேத்தண்ணிக் கோப்பையின் நிறம். ஆறு வருஷம்! சனியன்கள் சாகவுமில்லை. யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லி, நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கக் கஞ்சன் என்று பெயர் வாங்கினேன்.

இன்றைக்கும் யாராவது எதையாவது என் பொறுப்பில் விட்டால், அவர் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை என்று காரணத்தைக் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் விட்ட ஒரு 'ஏன்' ஆறு வருஷம் என் கண் முன்னாலேயே நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான்.